நியூட்ரினோ வந்த திசையில் காமா கதிர் தேடினேன், பாதிக்குப் பாதி கிடைக்கிறது. சந்தோஷப்படலாமா?

தெப்பக்குளம் | வெள்ளி, இரவு 10.42

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் எம்.எஸ்சி. இயற்பியல், கடைசி வருடம். நியூட்ரினோ என்பது எதிலும் எளிதில் மோதாமல் ஊடுருவிப் போகும் நுண்துகள், காமா கதிர் என்பது ஆற்றல் மிக அதிகமான ஒளி. தென் துருவத்தில் நியூட்ரினோவைப் பிடிக்கும் ஐஸ்க்யூப் என்ற கருவி, ஒன்று சிக்கியதும் அனுப்புகிற அலர்ட்டுகளுக்குக் காமா கதிரில் ஜோடி இருக்கிறதா என்று தேடுவதுதான் என் புராஜெக்ட். தரவு எல்லாம் இலவசம், ஒரு லேப்டாப் போதும் என்பதால் துணிந்து எடுத்தேன்.

ஒவ்வொரு அலர்ட்டுக்கும் வானத்தில் ஒரு சிறு பகுதியைக் குறித்து, "90 சதவீத வாய்ப்பில் இதற்குள்ளிருந்துதான் வந்தது" என்று ஐஸ்க்யூப் சொல்லும். ஃபெர்மி செயற்கைக்கோளின் காமா மூலப் பட்டியலை எடுத்து, அந்தப் பகுதிக்குள் ஏதாவது விழுகிறதா என்று பைத்தானில் ஒரு லூப் எழுதினேன். நேற்று ராத்திரி மூன்று மணிக்கு முடிவு வந்தது. ஏறக்குறைய பாதி அலர்ட்டுகளில் உள்ளே ஒரு காமா மூலம் உட்கார்ந்திருக்கிறது! அதிலும் பெரும்பாலானவை பிளேசர்.

கை நடுங்கிவிட்டது. அம்மாவை எழுப்பிச் சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது. காலையில் ஓடிப்போய் கைடிடம் காட்டினேன். பார்த்தார். "சரி, வானத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தாயா?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். திரும்பக் கேட்கப் பயமாக இருக்கிறது. என்ன கேட்டார் என்று யாராவது சொல்லுங்களேன்.

சும்மா வந்தேன் | வெள்ளி, இரவு 11.05

பிளேசர் என்றால் ரிசப்ஷனுக்கு மாப்பிள்ளை போடுகிற கோட்டு என்றுதான் எனக்குத் தெரியும். அது எப்படி வானத்துக்குப் போச்சு? கொஞ்சம் கீழே இறங்கிச் சொல்லுங்க தங்கச்சி.

தெப்பக்குளம் | வெள்ளி, இரவு 11.38

ஹாஹா, இது வேறு அண்ணே. ஒரு பெரிய அண்டத்தின் (கேலக்ஸி) நடுவில் பிரம்மாண்டமான கருந்துளை இருக்கும். சில கருந்துளைகள் உள்ளே விழும் பொருளில் ஒரு பங்கை ஒளிவேகத்துக்குப் பக்கத்தில் குழாய்த் தண்ணீர் மாதிரிப் பீய்ச்சி அடிக்கும். அந்தப் பீச்சு நேராக நம்மைப் பார்த்து இருந்தால் அதற்குப் பிளேசர் என்று பெயர்.

அதற்குள் புரோட்டான் வேகமெடுத்து இன்னொரு புரோட்டான் மீதோ ஒளித்துகள் மீதோ மோதினால் பையான் என்ற துகள்கள் பிறக்கும். மின்னூட்டம் இல்லாத பையான் உடனே இரண்டு காமா கதிராக உடையும். மின்னூட்டம் உள்ளது மியூவான் என்ற துகளாகவும் நியூட்ரினோவாகவும் உடையும், அந்த மியூவானும் உடைந்து இன்னும் இரண்டு நியூட்ரினோவைத் தரும். ஆக நியூட்ரினோவும் காமாவும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று வந்தால் இன்னொன்றும் அதே திசையில் இருக்க வேண்டும். நான் தேடுவது அந்தக் கூடப்பிறந்ததை.

நியூட்ரினோவையே பிடித்துவைத்துக் கேட்கலாமே என்றால், அது எதிலும் நிற்காது. துருவப் பனிக்குள் ஒரு கன கிலோமீட்டரில், 1,450 மீட்டரிலிருந்து 2,450 மீட்டர் ஆழம் வரை, 86 கம்பிகளில் 5,160 ஒளி உணரிகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய வலை போட்டும் நல்ல உயர் ஆற்றல் மீன் வருடத்துக்குச் சிலதான்.

கணக்குப்பிள்ளை | சனி, காலை 6.10

நான் உசிலம்பட்டிப் பக்கம் முப்பத்தோரு வருடம் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வுபெற்றவன். இயற்பியல் அரைகுறை. ஆனால் உன் 'பாதி' எங்கிருந்து வந்தது என்று ஒரு சீட்டின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன் தாயி.

முழு வானம் 41,253 சதுர பாகை. ஃபெர்மி எட்டு வருடத் தரவை வைத்துப் போட்ட பட்டியலில் ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் மேல் மூலங்கள். வகுத்தால் ஒரு சதுர பாகைக்கு 0.12. உன் அலர்ட் பகுதி சராசரியாக 5 சதுர பாகை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் எந்த நியூட்ரினோவும் வராமலே, கண்ணை மூடிக்கொண்டு வானத்தில் எங்கே கட்டம் போட்டாலும் உள்ளே சராசரியாக 0.6 மூலம் விழும். குறைந்தது ஒன்றாவது விழும் வாய்ப்பு, ஒன்றிலிருந்து e-யின் அடுக்கு கழித்தல் 0.6-ஐக் கழித்தால், 0.45.

நூற்றுக்கு நாற்பத்தைந்து. உன் 'பாதிக்குக் கிட்டே' இதுதான்.

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கு ஒரு பிள்ளை தொலைந்துபோகிறது. "கடைசியாகக் கல்பாலத்துப் பக்கம் பார்த்தோம், கூட இருந்தவர் மஞ்சள் துணி கட்டியிருந்தார்" என்று மைக்கில் சொல்கிறார்கள். நீ ஓடிப்போய்ப் பார்த்தால் அங்கே மஞ்சள் துணி கட்டியவர் இருக்கிறார். அன்றைக்கு வைகைக்குள் எங்கே போனாலும் மஞ்சள் துணிதானே?

தெப்பக்குளம் | சனி, காலை 8.55

அய்யா... தூக்கிவாரிப் போட்டது. நல்லவேளை அம்மாவை எழுப்பவில்லை.

ஊட்டி மூடுபனி | சனி, பகல் 12.20

நான் அண்டக் கதிர் துறையில் வேலை செய்கிறேன், பூர்வீகம் திருமங்கலம். உன் கைடு கேட்டது ரொம்ப நல்ல கேள்வி. கணக்குப்பிள்ளை ஐயா காகிதத்தில் போட்டதைத் தரவை வைத்தே போடச் சொல்கிறார்.

எல்லா அலர்ட்டுகளையும் எடுத்து, வல ஏற்றத்தை (வானத்தில் கிழக்கு மேற்கு அளவு, பூமியின் தீர்க்கரேகை மாதிரி) மட்டும் தற்செயலாக மாற்று. நடுவரை விலக்கத்தை (வடக்கு தெற்கு அளவு, அட்சரேகை மாதிரி) தொடாதே. ஐஸ்க்யூப் துருவத்தில் இருப்பதால் பூமி சுற்றும்போது அதுவும் இருந்த இடத்திலேயே சுழல்கிறது. ஆகவே அதன் பார்வைத்திறன் நடுவரை விலக்கத்தைப் பொறுத்துத்தான் மாறும். வல ஏற்றத்தில் ஒரு நாளில் எல்லாம் சமமாகிவிடும். இப்படிச் சுற்றிவிட்ட பொய் வானத்தில் எத்தனை பொருத்தம் விழுகிறது என்று எண்ணு. ஆயிரம் தடவை செய். உன் அசல் எண் அந்தக் கூட்டத்தைத் தாண்டித் தனியாக நின்றால்தான் பேச்சு. பால்வீதித் தளத்தில் காமா மூலங்கள் நெருக்கியடித்துக் கிடக்கும், அந்தப் பட்டையைத் தனியாக வெட்டிவிட்டு ஒருமுறை பார்.

இன்னொன்று. அலர்ட் வந்ததாலேயே அது விண்வெளி நியூட்ரினோ என்று அர்த்தமில்லை. 2019 முதல் அலர்ட்டுகளைத் தங்கம், வெண்கலம் என்று பிரிக்கிறார்கள். தங்கம் என்றாலே சராசரியாகப் பாதிதான் அசலாக இருக்க வாய்ப்பு, வெண்கலம் 30 சதவீதம். மீதி நம் காற்று மண்டலத்திலேயே பிறந்த சரக்கு.

தெப்பக்குளம் | சனி, பகல் 1.02

அப்படியென்றால் டிஎக்ஸ்எஸ் 0506+056 என்ற பிளேசரை மட்டும் ஏன் சார் அவ்வளவு கொண்டாடினார்கள்? அதுவும் கட்டத்துக்குள் ஒரு பிளேசர்தானே?

ஊட்டி மூடுபனி | சனி, மாலை 4.47

கட்டத்துக்குள் இருந்ததற்காக இல்லை, அந்த நேரத்தில் அது கொதித்துக்கொண்டிருந்ததற்காக.

2017 செப்டம்பர் 22, சர்வதேச நேரம் 20.54. சுமார் 290 டெரா எலக்ட்ரான்வோல்ட் (துகளின் ஆற்றல் அளவு; மெகா, ஜிகா, டெரா, பெட்டா ஒவ்வொன்றும் முந்தியதைப்போல் ஆயிரம் மடங்கு) நியூட்ரினோ ஒன்று பனிக்குள் மியூவான் தடத்தை விட்டது. 43 விநாடியில் தானியங்கி அலர்ட் உலகம் முழுக்கப் போய்விட்டது. ஃபெர்மி மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை முழு வானத்தையும் பார்த்துவிடும், பழைய பதிவு எல்லாம் கையில் இருக்கும். திறந்து பார்த்தால் அந்தத் திசையில் உள்ள பிளேசர் அந்த ஏப்ரலிலிருந்தே வழக்கத்தைவிடப் பிரகாசமாக இருந்திருக்கிறது. லா பால்மா தீவின் மேஜிக் தொலைநோக்கிகள் திரும்பிப் பார்த்து 100 ஜிகா எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேலும் காமா கதிரைப் பிடித்தன. இடம், நேரம் இரண்டும் பொருந்தின.

அப்படியும் தற்செயலாக இருக்க வாய்ப்பு எவ்வளவு தெரியுமா? 3 சிக்மா (இந்த எண் கூடக் கூடத் தற்செயல் வாய்ப்பு குறையும்). எழுநூறு சொச்சத்தில் ஒரு தடவை சும்மாவே நடக்கும். எங்கள் துறையில் 5 சிக்மா வராமல் 'கண்டுபிடிப்பு' என்று வாயைத் திறக்க மாட்டோம்.

பிறகு ஐஸ்க்யூப் தன் பழைய பெட்டியைக் குடைந்தது. 2014 செப்டம்பரிலிருந்து 2015 மார்ச் வரை அதே திசையிலிருந்து எதிர்பார்த்ததைவிட ஏறத்தாழ 13 நியூட்ரினோக்கள் கூடுதலாக வந்திருந்தன. 3.5 சிக்மா. ஆனால் அந்த மாதங்களில் காமாவில் அந்தப் பிளேசர் அமைதியாக இருந்தது! 2017-ல் காமா பொங்கும்போது ஒரே ஒரு நியூட்ரினோ, 2014-ல் 13 வரும்போது காமா தூக்கம். இந்த முரண்பாடு இன்னும் என்னைத் தூங்கவிடுவதில்லை.

கணக்குப்பிள்ளை | சனி, இரவு 8.30

சர்வதேச நேரம் 20.54 என்றால் நமக்கு 23-ஆம் தேதி அதிகாலை 2.24. அந்தப் பிளேசரின் நடுவரை விலக்கம் வடக்கே 5.7 பாகை. மதுரை வடக்கே ஏறக்குறைய 10. ஆக அது நம் ஊர் உச்சிக்கு நாலு பாகை தெற்கே கடந்துபோகிற பொருள். தைப்பொங்கல் சமயத்தில் இரவு பத்து மணி வாக்கில் நேர் தலைக்கு மேல், ஓரியனின் கேடயப் பக்கம். திருவாதிரை நட்சத்திரத்திலிருந்து மேற்கே போனால் அந்த வட்டாரம்தான். அந்த அதிகாலையில் கிழக்கே பாதி வானம் ஏறியிருந்தது.

தென் துருவத்தில் நிற்பவருக்கோ வடக்கே உள்ளதெல்லாம் அடிவானத்துக்குக் கீழே. அதாவது அந்த நியூட்ரினோ தரைக்குள் புகுந்து, தொடுவானத்துக்கு 5.7 பாகை கீழிருந்து மேலே வந்திருக்கிறது. அந்தத் திசையில் வரும் மற்ற குப்பைத் துகள்களைப் பூமியே வடிகட்டிவிட்டது. நான் சொல்வது சரிதானே ஊட்டித் தம்பி?

ஊட்டி மூடுபனி | சனி, இரவு 8.41

நூற்றுக்கு நூறு, ஐயா.

போடிக்காரன் | சனி, இரவு 9.15

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் ஊர்ப் பொட்டிப்புரம் மலையில் குடையப் போவதாகச் சொன்ன நியூட்ரினோவும் இதுவும் ஒன்றா? அப்போது எங்கள் ஆட்கள் கேட்ட கேள்விக்கு யாரும் இப்படி உட்கார்ந்து விளக்கியதில்லை. எனக்கு இன்னும் அந்த ஆதங்கம் உண்டு.

ஊட்டி மூடுபனி | சனி, இரவு 10.03

ஆதங்கம் நியாயமானது அண்ணே. குடும்பம் ஒன்று, ஆட்கள் வேறு. பொட்டிப்புரத்தில் திட்டமிட்டது 50,000 டன் காந்தமூட்டிய இரும்பு. அது பார்க்க நினைத்தது நம் காற்று மண்டலத்தில் பிறக்கும், சில ஜிகா எலக்ட்ரான்வோல்ட் அளவிலான நியூட்ரினோக்களை. இங்கே பேசுவது அதைவிட லட்சம் மடங்கு வரை ஆற்றல் கூடியது, நம் பால்வீதிக்கு அப்பாலிருந்து வருவது. மலைக்குள் போக நினைத்ததும் மேலே சொன்ன வடிகட்டலுக்குத்தான், மற்ற அண்டக் கதிர்த் துகள்களைப் பாறை தடுக்கும். 1965-லேயே கோலார் தங்கச் சுரங்கத்தில் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஆழத்தில் காற்று மண்டல நியூட்ரினோவைப் பிடித்தவர்கள் நம்மவர்கள்.

நேரில் பார்க்கணும் என்றால் போடி வரை போகவே வேண்டாம். மதுரையிலேயே வடபழஞ்சியில் 85 டன்னில் அதன் மாதிரி ஒன்றைக் கட்டினார்கள். இரும்புத் தகடு, இடையில் உணரி, மறுபடி தகடு என்று அடுக்கியது. மலையைக் குடைவது பற்றிய சண்டைக்கு இங்கே தனி இழை இருக்கிறது, அதை அங்கே வைத்துக்கொள்வோம்.

நாகமலை ராப்பறவை | ஞாயிறு, அதிகாலை 1.50

பேச்சு சூடாக இருக்கிறது, நான் இப்போதுதான் மொட்டைமாடியிலிருந்து இறங்கினேன். இன்றைக்குப் பார்த்தது பொருத்தமாக இருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

கார்த்திகை மழை விட்டு இரண்டு நாளாக வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கிறது. எட்டு இன்ச் டாப்சோனியன் தொலைநோக்கியை வைத்து எம் 77 என்ற அண்டத்தைத் தேடினேன். இதற்கு இன்னொரு பெயர் என்ஜிசி 1068. சீட்டஸ் நட்சத்திரக் கூட்டத்தில் டெல்டா நட்சத்திரத்துக்கு ஒரு பாகைகூடத் தள்ளியில்லை. நம் ஊரில் அது உச்சிக்குப் பக்கத்தில் ஏறிவிடும், அங்கே டாப்சோனியனைத் திருப்புவது பெரிய வம்பு. கழுத்து ஒரு பக்கம், குழாய் ஒரு பக்கம். இருபது நிமிஷம் தடவியபிறகு வந்தது. ஊதிவிட்ட விபூதி மாதிரி ஒரு மங்கல், நடுவில் மட்டும் நட்சத்திரம் போலக் கூர்மையாக ஒரு புள்ளி. நேராகப் பார்த்தால் மங்கல் ஓடிவிடும், ஓரக்கண்ணால் பார்த்தால் வந்து நிற்கும். 4.7 கோடி ஒளியாண்டுத் தூரம். அந்தப் புள்ளிக்குள்ளிருந்து நியூட்ரினோ வருகிறது என்றார்களே, உண்மையா?

ஊட்டி மூடுபனி | ஞாயிறு, காலை 10.15

உண்மை. கொடுத்துவைத்தவர் நீங்கள், இங்கே மூடுபனியில் எதிர்வீடே தெரியவில்லை.

2022 நவம்பரில் ஐஸ்க்யூப் வெளியிட்டது. 2011 முதல் 2020 வரையான தரவில் அந்தத் திசையிலிருந்து ஏறத்தாழ 79 நியூட்ரினோக்கள் கூடுதல், 4.2 சிக்மா. டிஎக்ஸ்எஸ்ஸைவிட வலுவான சான்று. தெப்பக்குளம், உன் புராஜெக்டுக்கு முக்கியமான இடம் இதுதான், கவனி. கூடப்பிறந்த காமா அங்கே இருக்க வேண்டும் அல்லவா? மேஜிக் அந்த அண்டத்தை நூறு மணி நேரத்துக்கு மேல் பார்த்தது. டெரா அளவில் ஒன்றும் கிடைக்கவில்லை. ஃபெர்மிக்குத் தெரியும் கொஞ்சநஞ்ச ஜிகா அளவுக் காமாவும் நியூட்ரினோக் கணக்குக்கு ஈடாகாது.

நியூட்ரினோக்கள் கருந்துளைக்கு மிக அருகில் பிறக்கின்றன என்பதுதான் இப்போதைய விளக்கம். அந்த இடம் எக்ஸ் கதிர் ஒளித்துகள்களால் நெரிசலாக இருக்கிறது. உயர் ஆற்றல் காமா ஒன்று புறப்பட்டால் அந்த ஒளித்துகளோடு மோதி எலக்ட்ரான், பாசிட்ரான் ஜோடியாக மாறிவிடும், அந்த ஜோடி மறுபடி ஆற்றல் குறைந்த ஒளியை உமிழும். ஐந்நூறு ரூபாய் நோட்டோடு கிளம்பியவன் டவுன்ஹால் ரோட்டைத் தாண்டுவதற்குள் எல்லாம் சில்லறையாகிவிட்ட கதை. மொத்தத் தொகை போகவில்லை, ஆனால் நோட்டைத் தேடினால் கிடைக்காது. சில்லறை மெகா எலக்ட்ரான்வோல்ட் பக்கம் கிடக்கும்; அந்தப் பகுதியைப் பார்க்க நம்மிடம் நல்ல கருவி இல்லை.

அண்டத்தை விட்டு வெளியே வந்தாலும் வழியில் இதே கதைதான். பெட்டா அளவுக் காமா பெருவெடிப்பின் மிச்ச ஒளியிலேயே மோதி அழிந்துவிடும், பால்வீதியைத் தாண்டுவதே கஷ்டம். மோதலில் ஒரு நியூட்ரினோ புரோட்டான் ஆற்றலில் 5 சதவீதமும் ஒரு காமா 10 சதவீதமும் எடுத்துக்கொள்ளும். ஆக 290 டெரா நியூட்ரினோவோடு பிறந்த காமா 600 டெரா பக்கம் இருந்திருக்கும். 400 கோடி ஒளியாண்டு தாண்டி அது வந்து சேரவே சேராது. ஃபெர்மியில் நீ பார்ப்பது கூடப்பிறந்ததை இல்லை, அதன் பேரன் பேத்திகளை.

சும்மா வந்தேன் | ஞாயிறு, காலை 11.40

ஒரு நிமிஷம். காமா இருந்தால் "பாருங்க ஜோடி". இல்லாவிட்டால் "பாருங்க ஒளிஞ்சிருக்கு". எப்படி விழுந்தாலும் உங்களுக்கே ஜெயமா? எங்க தெரு ஜோசியரும் இதையேதான் சொல்றார்.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, பகல் 12.05

இந்த இழையிலேயே உருப்படியான கேள்வி.

ஊட்டி மூடுபனி | ஞாயிறு, பகல் 2.33

கோபமே வரவில்லை, இதை ஆய்வரங்குகளிலேயே கேட்கிறார்கள். ஜோசியருக்கும் எங்களுக்கும் வித்தியாசம், நாங்கள் முன்கூட்டியே எழுதிக்கொடுத்து மாட்டிக்கொள்வோம். 'ஒளிந்திருக்கிறது' என்று சொன்ன மறுகணமே, அதே மாதிரி எக்ஸ் கதிரில் பிரகாசமான, பக்கத்தில் இருக்கிற மற்ற அண்டங்களிலிருந்தும் நியூட்ரினோ வர வேண்டும் என்றாகிவிடுகிறது. வராவிட்டால் கதை கந்தல்.

இன்னொரு பிடியும் உண்டு. வானம் முழுக்க வரும் நியூட்ரினோக்களைக் கூட்டினால் அவற்றோடு பிறந்த காமா மொத்தம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கணக்குப் போடலாம். எல்லா மூலங்களும் காமாவைத் தடையில்லாமல் வெளியே விடுபவை என்றால், குறைந்த ஆற்றல் நியூட்ரினோக்களையும் சேர்த்துப் பார்க்கும்போது, ஃபெர்மி அளந்த பின்னணிக் காமாவையே தாண்டிப்போகிறது. வந்த வரவைவிடச் செலவு கூட. எனவே ஒரு பங்கு மூலங்களாவது காமாவை உள்ளேயே விழுங்குகின்றன என்ற எண்ணம் என்ஜிசி 1068-க்கு முன்பே இருந்தது. கொஞ்ச நேரமே மின்னி மறையும் காமா வெடிப்புகள்தான் மூலம் என்றும் ஒரு காலத்தில் பந்தயம் கட்டினார்கள். 2022 அக்டோபர் 9-ல் இதுவரை பார்த்ததிலேயே பிரகாசமான காமா வெடிப்பு வந்தது. ஐஸ்க்யூபில் அதற்கு ஒரு நியூட்ரினோவும் இல்லை. பந்தயம் கட்டியவர்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்கள். எந்த ஜோசியர் அப்படிச் செய்தார்?

சும்மா வந்தேன் | ஞாயிறு, பகல் 2.50

சரி, ஒத்துக்கிட்டேன். ஜோசியரிடம் இந்த வாரம் போக மாட்டேன்.

போடிக்காரன் | ஞாயிறு, இரவு 7.20

நம் நாட்டில் இந்தக் காமா பார்க்கிற வேலை எங்கேயாவது நடக்கிறதா?

ஊட்டி மூடுபனி | ஞாயிறு, இரவு 9.48

லடாக்கில் ஹான்லேயில், 4,200 மீட்டருக்கு மேல், 21 மீட்டர் விட்டத்தில் மேஸ் என்ற காமா தொலைநோக்கி இருக்கிறது. 2024 அக்டோபரில் திறந்தார்கள். பிளேசர் பொங்கினால் திரும்பிப் பார்க்க வேண்டிய ஆள் அதுதான். ஊட்டியில் கிரேப்ஸ்-3 இருக்கிறது. மேலிருந்து கொட்டும் துகள் மழையைத் தரையில் பரப்பிய உணரிகளால் அளக்கும். புரோட்டான் கொண்டுவரும் மழையில் மியூவான் நிறைய இருக்கும், காமா கொண்டுவரும் மழையில் மிகக் குறைவு. மியூவானை எண்ணியே எது காமா என்று பிரித்துவிடலாம். 560 சதுர மீட்டரில் மியூவானுக்கென்றே ஒரு கருவி உண்டு.

தெப்பக்குளம் | புதன், இரவு 11.30

மூன்று நாளாகக் காணோம் என்று நினைத்திருப்பீர்கள். லேப்டாப்போடுதான் குடும்பம் நடத்தினேன்.

ஆயிரம் தடவை சுற்றினேன். முதல் ஓட்டத்தில் என் அசல் எண் கூட்டத்தைவிட ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றது. மறுபடி நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் இந்தத் தடவை அம்மாவைப் பற்றி யோசிக்கவே இல்லை, கோடைத்தான் வரிவரியாகப் படித்தேன். வல ஏற்ற வித்தியாசத்தை நடுவரை விலக்கத்தின் கோசைனால் பெருக்க மறந்திருக்கிறேன். நடுக்கோட்டுப் பக்கம் தப்பு தெரியாது, வடக்கே போகப் போகப் பகுதிகளின் வடிவம் கோணிக்கொண்டு போயிருக்கிறது. சரி செய்து ஓட்டினால் என் எண் கூட்டத்துக்கு நட்டநடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. பால்வீதிப் பட்டையை வெட்டினாலும் அதே இடம். கணக்குப்பிள்ளை ஐயாவின் சீட்டு ஜெயித்துவிட்டது.

கைடிடம் வரைபடத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "இதை அப்படியே இரண்டாவது அத்தியாயமாக எழுது. மூன்றாவதில் நேரத்தைச் சேர்" என்றார். பிறகு டீ வாங்கிக் கொடுத்தார்.

இப்போது ஒவ்வொரு அலர்ட்டுக்கும் முன்னும் பின்னும் அந்தப் பிளேசர்களின் ஃபெர்மி ஒளி வரைபடத்தை (பிரகாசம் நேரத்தோடு எப்படி மாறியது என்ற படம்) இறக்கிக்கொண்டிருக்கிறேன். இன்னொரு சந்தேகம் சார். 2023 பிப்ரவரி 13-ல் சிசிலிக் கடலுக்கடியில் கேஎம்3நெட் என்ற நியூட்ரினோ கருவி பிடித்த 220 பெட்டா எலக்ட்ரான்வோல்ட் நியூட்ரினோவையும் பட்டியலில் சேர்க்கலாமா? அதன் திசையில் பதினேழு பிளேசர்கள் என்று படித்தேன்.

ஊட்டி மூடுபனி | வியாழன், காலை 7.05

பதினேழும் மஞ்சள் துணிதான். தாராளமாகச் சேர், ஆனால் தனி அட்டவணையில் வை. கருவி வேறு, பனிக்குப் பதில் கடல், அது துருவத்தில் இருப்பதும் இல்லை. வல ஏற்றத்தைச் சுற்றும் வித்தையை யோசிக்காமல் அங்கே கொண்டுபோகாதே. கோசைன் விஷயத்தைப் பின்னிணைப்பில் எழுதிவை. நானும் என் முதல் வருடத்தில் அதே குழியில் விழுந்தவன்.

நாகமலை ராப்பறவை | வியாழன், காலை 9.30

மார்கழி அமாவாசைக்கு நாகமலைப் பக்கம் டாப்சோனியனை எடுத்துக்கொண்டு போகிறோம், நாலைந்து குடும்பமாக. ஒன்பது மணிக்கு எம் 77 உச்சியில் இருக்கும், ஓரியன் கிழக்கே ஏறியிருக்கும். டிஎக்ஸ்எஸ் கண்ணுக்குத் தெரியாது, இடத்தைக் காட்டலாம். தெப்பக்குளம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்க.

கணக்குப்பிள்ளை | வியாழன், காலை 9.52

நானும் வருகிறேன். கழுத்துப் பிடிப்பு இருக்கிறது, எனக்கு ஒரு நாற்காலி போட்டுவிடுங்கள்.

தெப்பக்குளம் | வியாழன், காலை 10.20

அம்மா வருகிறேன் என்கிறார், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்கச் சொன்னார்.